கரும்பலகையின் மேல்வரி

சென்னிமலைக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் நடத்தி வருகிறேன். கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, கரும்பலகையின் மேல்வரியில் தேதியை எழுதக் கையை உயர்த்தியபோது, வலப்புயத்தின் வெளிப்பக்கத்தில், தடுப்பூசி போடும் இடத்துக்குச் சற்று மேலே, சுரீரென்று ஒரு வலி எடுத்தது. கையைத் தொங்கவிட்டால் வலியில்லை. தலைக்கு மேல் முழுவதுமாகக் கொண்டுபோய்விட்டாலும் அவ்வளவாக இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கும்போதுதான் உயிர் போயிற்று. அடுத்த சில வாரங்களில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனது. பின்னல் போடவும், பரணிலிருந்து பாத்திரம் எடுக்கவும் இடக்கையை நாட வேண்டியதாயிற்று.

பார்த்தவர்கள் எல்லோரும் "தோள் இறுகிப்போச்சுங்க டீச்சர், சக்கரை இருக்குதான்னு பாருங்க" என்றார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகுவது அதிகம் என்பது உண்மையே. ஆனால் இறுகிய தோளை அடுத்தவர் பிடித்துத் தூக்கினாலும் அது ஓரளவுக்கு மேல் நகராது. என் கையை என் கணவர் தாங்கித் தூக்கியபோது அது முழுவதும் மேலே சென்றது. இந்த ஒரு வேறுபாட்டை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் நான்கு மாதங்கள் வீணாகியிருக்காது.

அந்த நான்கு மாதங்களில் முதலில் நடந்தது, எங்கள் அத்தையின் வற்புறுத்தலால் உருவிவிடுபவர் ஒருவரிடம் போனது. அவர் எண்ணெய் தடவி, "சந்து பிசகியிருக்குது" என்று சொல்லிக் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அன்றிரவு முழுவதும் நான் தூங்கவில்லை. பிறகு ஒரு மருத்துவமனையில் தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஆறு வாரங்கள் வலியே இல்லாமல் இருந்து, ஏழாவது வாரம் அது அப்படியே திரும்பி வந்தது. ஊசி போட்டவர்கள் உடற்பயிற்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே இன்றும் என் வருத்தம்.

கடைசியில் பெருந்துறையில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். முதல் நாள் அவர் வலித்த இடத்தைத் தொடவே இல்லை. கையைப் பல கோணங்களில் உயர்த்தச் சொல்லி, முதுகுப் பக்கமாக நின்று, தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்பதையே வெகுநேரம் பார்த்தார். 60 பாகையிலிருந்து 120 பாகை வரை மட்டும் வலிப்பதைக் குறித்துக்கொண்ட பிறகு, தோளின் உச்சியில் கூரைபோல் நீண்டிருக்கும் எலும்புக்கும் புய எலும்பின் பந்துமுனைக்கும் நடுவே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இடைவெளிதான் உண்டு என்றும், கையைத் தூக்கும் தசைநாரும் அதன்மேல் மெத்தைபோல் அமைந்த நீர்ப்பையும் அதற்குள்தான் கிடக்கின்றன என்றும், அவை அங்கே நெருக்குண்டு நோவதையே 'இம்பிஞ்ச்மெண்ட்' என்று அழைப்பதாகவும் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார்.

இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் நீர். கூரை எலும்பின் முன்விளிம்பு உரசுவதே நோய்க்குக் காரணம் என்று 1972-இல் எழுதிய அவர், அந்த விளிம்பைச் செதுக்கி எடுக்கும் அறுவை சிகிச்சையையும் பரப்பினார். பல்லாண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. பின்னர் பிரிட்டனில் 313 பேரை வைத்து நடத்தி 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், தோளுக்குள் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடப்பட்டவர்களுக்கும் குணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உரசல் மட்டுமே காரணமென்றால் இப்படி நேர்ந்திருக்காது. தசைநாரின் சோர்வு, தசைகளின் பலவீனம், தோள்பட்டை நகரும் ஒழுங்கு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இப்போதைய கருத்து. எனக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் இருந்தது என்பதால் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவது முறை போனபோதுதான், மூட்டைக் கையாலேயே அசைத்துச் செய்யும் கைச்சிகிச்சை தொடங்கியது. என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையைத் தம் முன்கையில் தாங்கிக்கொண்டு, "டீச்சர், கையை எங்கிட்ட விட்டுருங்க, நீங்க ஒண்ணும் தூக்க வேண்டாங்க" என்றார். அப்படி விடுவதற்கே எனக்குச் சில நிமிடங்கள் ஆயிற்று. வலிக்குப் பயந்து பழகிய தோள் தன்னையறியாமல் இறுகிக்கொண்டது. பிறகு அவர் புய எலும்பின் தலையை உள்ளங்கையால் பற்றி, கால் பக்கமாகச் சற்றே வழுக்கி இறக்கித் திரும்ப விட்டார். ஊஞ்சலை விரல்நுனியால் ஆட்டுவதுபோல் அது அவ்வளவு சிறிய அசைவு. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று விட்டுவிட்டுச் செய்துவிட்டு, அதன்பின் எலும்பைப் பின்பக்கமாக நகர்த்தினார். ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெயிட்லண்ட் இந்த அசைவுகளை நான்கு படிநிலைகளாக வகுத்திருக்கிறார்: முதலிரண்டும் இறுக்கத்தைத் தொடாமல் வலியைத் தணிக்கச் செய்பவை, பின்னிரண்டும் இறுக்கத்தின் எல்லைவரை சென்று அதைத் தளர்த்துபவை. எனக்கு முதல் வாரம் முழுவதும் முதலிரண்டு படிகளே. அதன் பிறகு குப்புறப் படுக்கவைத்து நடுமுதுகின் முள்ளெலும்புகளை அழுத்தினார். கூன்விழுந்த முதுகோடு கையைத் தூக்கினால் தோள்பட்டை சரியாகத் திரும்பாது என்பதை, என்னை முதலில் கூனியும் பிறகு நிமிர்ந்தும் உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொல்லியே உணர்த்தினார்.

எழுந்து கையை உயர்த்தியபோது வலி ஏறக்குறைய பாதியாகியிருந்தது. பிசகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். எதுவும் பிசகியிருக்கவில்லை என்றும், இந்த அசைவுகள் நரம்புகளின் வழியே வலியைச் சிறிது நேரத்துக்குத் தணிக்கின்றன என்றும், அந்த நேரத்தை வீணாக்காமல் பயிற்சி செய்தால்தான் பலன் நிலைக்கும் என்றும் சொன்னார். உருவிவிட்டவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இங்கேதான் விளங்கியது. இருவரும் தொட்டது ஒரே தோளைத்தான். ஆனால் இவர் தம் கையால் மட்டும் குணமாகிவிடும் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 52 பேரை வைத்து நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மேற்பார்வையில் பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறினார்கள், மூன்று வாரங்களில் ஆறுமுறை கைச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் வலியிலும் வலுவிலும் அவர்களைவிட அதிகமாகத் தேறினார்கள். அது சிறிய ஆய்வுதான். ஆயினும் என் அனுபவம் அதனோடு ஒத்துப்போகிறது.

பயிற்சிகள் எளியவை. மடித்த துண்டை விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுப்பது ஒன்று. இரு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து இழுப்பது ஒன்று. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது ஒன்று. பத்துப் பத்தாக மூன்று சுற்று. செய்யும்போது இலேசாக வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கியிருக்க வேண்டும். விழுந்ததும் கையைத் தூக்கவே முடியாமல் போனாலோ, தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தாலோ இவற்றில் எதையும் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அங்கே என்னோடு காத்திருந்தவர்களில் எங்கள் ஊர்க் கைத்தறி நெசவாளர் ஒருவரும் இருந்தார். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஓடுவதற்குக் கயிற்றை நாள் முழுவதும் வெட்டி வெட்டி இழுக்கும் வலத்தோள் அவருடையது. "சும்மா இருந்தா வலிக்கறதில்லீங்க, கவுறு இழுக்கறப்பத்தானுங்க கொல்லுது" என்பார். மூன்றாவது முறையோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார். வந்து போனால் ஒரு நாள் கூலி போகிறது. வலியும் பாதி குறைந்துவிட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு எழுதிக்கொண்டு, பெருந்துறையிலேயே ஒரு ரப்பர் பட்டையையும் வாங்கி, சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பட்டையைத் தறிக்காலில் முழங்கை உயரத்துக்குக் கட்டிக் கொடுத்து, துண்டை எப்படி இடுக்குவது என்று அவர் மனைவியிடமும் காட்டிவிட்டு வந்தேன். வரும் ஞாயிறு மறுபடியும் போகிறேன்.