எல்லை தாண்டிய லேப்டாப்

மே 19ஆம் தேதி ராத்திரி லேப்டாப்பில் அப்டேட்டை அமுக்கினேன். மறுநாள் 20. ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவர்களுக்கு 20ஆம் தேதி என்றால் என்னவென்று தெரியும். தெரியாதவர்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலுமாக ஏழெட்டுக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறேன். மாதா மாதம் 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தை ஏற்றியாக வேண்டும். இரண்டு வாரமாகத் தள்ளித் தள்ளி வைத்த அப்டேட்டை அன்றைக்குப் பார்த்து ஏன் அமுக்கினாய் என்று கேட்காதீர்கள். அதே கேள்வியை வீட்டில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

எல்லாம் இறங்கி முடிந்து, லேப்டாப் தனக்குத்தானே ஏதோ பூட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பேட்டரி இருந்ததால் அது பாட்டுக்கு ஓடியது. பத்து நிமிடத்தில் கரண்டும் வந்தது. எங்கள் தீவில் கரண்ட் போய் வருவதெல்லாம் ஒரு சேதியா? படுத்துவிட்டேன்.

காலையில் திறந்தால் வைஃபை இல்லை.

இல்லை என்றால் சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது. எதிர்த்த கடை வைஃபை தெரிகிறது. மூன்று வீடு தள்ளி, ‘பாஸ்வேர்ட் கேக்காத’ என்று பெயர் வைத்திருக்கிற புண்ணியவான் வைஃபைகூடத் தெரிகிறது. எங்கள் வீட்டு வைஃபை மட்டும் பட்டியலிலேயே காணோம். ரவுட்டரோ கைக்கெட்டும் தூரத்தில், டிவிக்கு மேலே பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் போனில் வருகிறது, அம்மா போனில் வருகிறது. அம்மா அதில்தான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கிற பெரியம்மா மகன், ஒருமுறை ஊருக்கு வந்தபோது “பழசுதான், வச்சுக்கோ” என்று கொடுத்துவிட்டுப் போன மிஷின். மெதுவாக ஓடுகிறது என்று அண்ணன் மகன் அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ரிசல்ட்டும் வந்துவிட்டதால், உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நிலையில் இருந்தான். அவனைக் கூப்பிட்டேன்.

“அத்தை, அப்டேட்ல டிரைவர் போயிருக்கும்” என்றான். கறுப்புத் திரையைத் திறந்து வேகமாக எதையெதையோ தட்டினான். ஏரோபிளேன் மோடு அணைந்துதான் இருந்தது. வைஃபை கார்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிற கட்டளை, பூட்டும் இல்லை, சாவியும் இல்லை என்றது. டிரைவர், அதாவது வைஃபை கார்டை ஓட்டுகிற மென்பொருள், தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. கடைசி அஸ்திரமாக, லேப்டாப் எழும்போதே அப்டேட்டுக்கு முந்தைய பழைய கெர்னலை, அதாவது லினக்ஸின் உள்மையத்தை, தேர்ந்தெடுத்தான். அதிலும் எங்கள் வைஃபை வரவில்லை. பழைய கெர்னலிலும் வரவில்லை என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அப்டேட் மேல் குற்றமில்லை என்று. 20ஆம் தேதி யாருக்கு என்ன உறைக்கும்?

நெட்காரத் தம்பிக்குப் போன் போட்டேன்.

“ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா.”

பண்ணினேன். வரவில்லை.

“போன்ல வருதுல்ல? அப்ப லேப்டாப்தான்க்கா. உப்புக்காத்துல உள்ள கார்டு அரிச்சிருக்கும்.”

இந்த உப்புக்காற்றைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம். இரும்புக் கேட்டும் சைக்கிள் செயினும் துருப்பிடிப்பது நிஜம், ஜன்னல் கம்பி விரலோடு உதிர்ந்து வருவதும் நிஜம். அதற்காக மிக்சி நின்றாலும் உப்புக்காற்று, பையன் கணக்கில் ஃபெயிலானாலும் உப்புக்காற்று என்றால் எப்படி? அரித்துப்போன கார்டு எங்கள் வீட்டு வைஃபையை மட்டும் பார்த்துப் பார்த்தா அரிக்கும்?

இந்த நேரத்தில்தான் சித்தப்பா வந்தார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். காலையில் படகுக்குப் பெயின்ட் அடிப்பதை மேற்பார்வை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்துக்குச் சித்தப்பா எங்கள் வீட்டை மேற்பார்வை பார்ப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்ததையெல்லாம் கேட்டார். அப்புறம் ரொம்ப நிதானமாக ஒரு கேள்வி.

“ஏத்தா, இது எந்த நாட்டு டவர்ல நிக்குதுன்னு பாத்தியா?”

அண்ணன் மகன் சிரித்தே விழுந்தான். சித்தப்பா சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் கடற்கரையில் இது தினப்படிப் பேச்சு. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். செல்போன் அங்கே போய்விட்டு, இலங்கை உங்களை வரவேற்கிறது என்கிற மாதிரி மெசேஜைக் காட்டும். செல்ஃபி எடுக்க வந்தவர்கள் பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாடு போய் வந்த சந்தோஷத்தில் திரும்புவார்கள். கடலுக்குள் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். “படகு இங்கதான் நிக்கும், செல்லு மட்டும் எல்லை தாண்டிரும்” என்பார் சித்தப்பா.

“சித்தப்பா, அது செல்போன். இது வைஃபை. வேற.”

“எல்லாம் காத்துல வாரதுதான” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

ராத்திரி எட்டு மணிவரை பார்த்துவிட்டு, போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். லேப்டாப் உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடு வரும், மனசு மாறினால் அதுவும் போகும். மொட்டை மாடிக்குப் போனேன். பகலில் கருவாடு காயப்போட்ட தார்ப்பாய் மேல் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தேன். கடற்காற்று பில்களைத் தூக்கியது. ஒரு கட்டின் மேல் அம்மிக்குழவி, ஒரு கட்டின் மேல் அண்ணன் மகனின் வலது கால், இன்னொன்றின் மேல் இடது கால். அவன் அசையாமல் நின்று கொசு அடித்தான். ஓடிபி வருகிற நேரம் பார்த்து சிக்னல் போகும், சிக்னல் வரும்போது ஓடிபி காலாவதி ஆகியிருக்கும். கடைசிக் கடையின் படிவம் ஏறியபோது மணி பதினொன்றே முக்கால். மறுநாள் கடைக்காரர்களிடம் கொடுத்த காகிதங்களில் லேசாக நெத்திலி வாசம் இருந்தது. அவர்களும் கருவாட்டுக் கடைக்காரர்கள் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவசரம் தீர்ந்ததும் ஆத்திரம் வந்தது. மறுநாள் உட்கார்ந்து யோசித்தேன். எல்லார் வைஃபையும் தெரிகிறது, எங்களுடையது தெரியவில்லை. எல்லார் கண்ணுக்கும் எங்களுடையது தெரிகிறது, லேப்டாப் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. அப்படியென்றால் எங்கள் வைஃபையில் என்ன விசேஷம்? போனில் வைஃபையை அளக்கிற ஒரு ஆப்பை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வைஃபையும் எந்தச் சேனலில், அதாவது அலைவரிசையின் எந்தத் தடத்தில், ஓடுகிறது என்று காட்டியது. பக்கத்து வீடு சேனல் 1. எதிர்த்த கடை 6. ‘பாஸ்வேர்ட் கேக்காத’ 11. எங்கள் வீடு 13, அதாவது 2472 மெகாஹெர்ட்ஸ்.

அண்ணன் மகன் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு கறுப்புத் திரையில் ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ என்று தட்டினான். எந்த நாட்டு விதிப்படி வைஃபை ஓடுகிறது என்று சொல்லும் கட்டளையாம். திரையில் வந்தது: கன்ட்ரி யூஎஸ்.

லேப்டாப் அமெரிக்காவில் இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ரவுட்டர் பழசு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்றுதான் அதற்குத் தெரியும். அந்த அலைவரிசையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவுக்கென்று செய்த கருவிகள் 11ஓடு நிறுத்திக்கொள்ளும். என் லேப்டாப்பின் வைஃபை கார்டுக்குள்ளேயே ஊர் பெயரைப் பச்சை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அது 12, 13 பக்கம் தலைகூடத் திருப்பாது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை, ரயில் அக்கரையில் இருக்கிற மண்டபம் ஊரோடு திரும்பிவிடும். ராமேஸ்வரம் ஸ்டேஷன் இருந்த இடத்தில்தான் இருந்தது. நாங்களும் இருந்தோம். ரயில்தான் வராது. அந்தக் கதைதான் இது.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி வேலை செய்தது? ரவுட்டரில் சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தது. ஒவ்வொரு முறை உயிர்த்தெழும்போதும் கூட்டம் குறைந்த சேனலாகப் பார்த்து உட்காரும். அப்டேட் ஓடிய ராத்திரி கரண்ட் போய் வந்தது இல்லையா, அப்போது எழுந்த ரவுட்டர் 13இல் போய் உட்கார்ந்துவிட்டது. நெட்காரத் தம்பி சொல்லி ஆஃப் பண்ணி ஆன் பண்ணியபோதும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. போன ஐப்பசியில் இரண்டு நாள் வைஃபை வராமல் தானாக வந்தபோது மழை மேல் எழுதிவிட்டோம். அதுவும் இதுவாகத்தான் இருக்கும். அப்டேட்டை ஒன்றரை நாளாகத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க ஆள் யாருமில்லை.

அண்ணன் மகன் விடவில்லை. “இந்தியாவுக்குக் கூட்டிட்டு வந்துடலாம் அத்தை” என்று நாட்டை மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தான். இப்போது கன்ட்ரி 98 என்றது. 98 என்று ஒரு நாடா? தேடிப் பார்த்தால், இரண்டு நாட்டு விதி மோதும்போது இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்து லினக்ஸ் உண்டாக்குகிற கற்பனை தேசமாம். இரண்டு அரசும் தலையாட்டினால் மட்டும் நடக்கிற கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மாதிரி. 13க்கு அமெரிக்கா தலையாட்டாது. ஆக, அங்கேயும் வழியில்லை.

சரி, லேப்டாப் வராவிட்டால் ரவுட்டர் போகட்டும் என்று ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கப் போனோம். பாஸ்வேர்ட் எழுதிய ஸ்டிக்கர் அடியில் வெள்ளையாகத் தேய்ந்து கிடந்தது. அதற்கு மட்டும் உப்புக்காற்றை ஒத்துக்கொள்கிறேன். நெட்காரத் தம்பியைக் கேட்டால், “அட்மின், அட்மின் போடுங்கக்கா” என்றான். போட்டோம், திறந்தது. ஊர் முழுக்க அதே பாஸ்வேர்டா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஆட்டோவை எடுத்துவிட்டு 6 என்று வைத்துச் சேமித்தோம். லேப்டாப் பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர், ஒன்றுமே நடக்காத மாதிரி, முதல் ஆளாக வந்து நின்றது.

அன்று ராத்திரி சித்தப்பா வந்தபோது நானே ஒத்துக்கொண்டேன்.

“நீங்க சொன்னதுதான் சித்தப்பா. எல்லை தாண்டித்தான் நின்னுச்சு.”

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. “இப்பத் திரும்பி வந்துருச்சா?”

“இல்ல. அது இன்னமும் அமெரிக்காவுலதான் இருக்கு. நாமதான் அதுக்குக் கேக்குற எடமாப் பாத்து வந்து கூப்புடுறோம்.”

மகனோடு வீடியோவில் பேசுவதற்காக லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்திருந்த பெரியம்மா, பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்: “அவனும் அப்படித்தான். பத்து மணிக்கு மேல கூப்புட்டாத்தான் எடுப்பான்.”

மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது. பெரியம்மா இன்னொரு பூண்டை எடுத்தார்.