சிவப்பு மட்டும் சோர்ந்துபோகும் விளக்கு

அக்கா வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்கிறாள். பிளவுஸுக்கு நூல் தேர்ந்தெடுத்ததும் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புவாள். விளக்கைப் போட்டதும் எடுத்த படமும் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படமும் ஒத்துப்போவதில்லை என்று அவள் குறைப்பட்டபோது நான் போன் கேமராவைத்தான் திட்டினேன். நான் செய்துகொடுத்த மேசை விளக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த விளக்கு எளிமையானது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே தகட்டில் அமைந்த 3 வாட் எல்இடிகள், நிறத்துக்கு ஒன்றாக, மின்னோட்டத்தை 350 மில்லி ஆம்பியரில் நிறுத்தும் டிரைவர்கள், மூன்றையும் கலந்து வெள்ளையாக்க ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டுக் கணினி. போன் கேமராவில் வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் பூட்டிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்தேன். பூட்டாமல் எடுத்தால் கேமராவே நிறத்தைச் சரிசெய்து உண்மையை மறைத்துவிடும். ஒரு மாலை முழுவதும் வீணான பிறகுதான் இது உறைத்தது. ஐந்தாவது படத்தில் தாள் பச்சையும் நீலமும் கலந்து வெளிறிக் கிடந்தது. கேமராவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

டிசிஎஸ்34725 நிற சென்சார் ஒன்று வாங்கினேன். அந்தச் சென்சார் பலகையிலேயே பொருளுக்கு வெளிச்சம் காட்டவென்று ஒரு குட்டி வெள்ளை எல்இடி உண்டு. மின்சாரம் கொடுத்ததுமே அதுவும் எரியும். அதைக் கவனிக்காமல், என் விளக்கோடு அதன் வெளிச்சத்தையும் சேர்த்து இரண்டு நாள் அளந்துகொண்டிருந்தேன். அதற்கான பின்னை மின்சுற்றின் கிரவுண்டோடு இணைத்து அணைத்த பிறகு எண்கள் தெளிவாகின. எல்இடிகளின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் 31 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்கு ஏற 25 நிமிடம் ஆனது. அதற்குள் சிவப்பு 18 சதவீதம் இறங்கிவிட்டது. பச்சை 5, நீலம் 2.

மூன்றிலும் ஒரே மின்னோட்டம்தான், அது குறையவும் இல்லை. ஆனால் சிவப்புச் சில்லு வேறு பொருளால் ஆனது: அலுமினியம், காலியம், இண்டியம் சேர்ந்த பாஸ்பைடு. பச்சையும் நீலமும் இண்டியம் காலியம் நைட்ரைடு. முதலாவது சூட்டுக்குச் சீக்கிரம் துவண்டுபோகும் சாதி. ஆக, மூவரும் ஒரே வேகத்தில் களைத்தால் வெளிச்சம் மட்டும் மங்கும். ஒருவர் முந்திக் களைப்பதால் நிறமே திரிகிறது.

வழி தெரிந்த மாதிரி இருந்தது. சென்சார் காட்டும் எண்ணை இலக்கோடு ஒப்பிட்டு, குறைந்த நிறத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், கூடியதை இறக்க வேண்டும். பத்துப் பதினைந்து வரி நிரல். சென்சாரை மேசை ஓரத்தில் தாளைப் பார்த்தபடி நிறுத்தினேன். ஒரு மணி நேரம் எண்கள் அசையவில்லை. மறுநாள் அக்கா மேசையில் அரக்குச் சிவப்புப் பட்டுத் துணியை விரித்தாள். துணியிலிருந்து தெறித்த சிவப்பைப் பார்த்த சென்சார், விளக்கில் சிவப்பு அதிகமாகிவிட்டது என்று முடிவுகட்டியது. சில விநாடிகளில் அறை முழுவதும் பாசி பிடித்த குளம்போல ஆகிவிட்டது.

“தம்பி, உன் விளக்குக்குப் பட்டு பிடிக்காது போலிருக்கிறது” என்றாள்.

சென்சார் பார்க்க வேண்டியது விளக்கை, மேசையை அல்ல. விளக்குப் பெட்டிக்குள்ளேயே, பால்நிற அக்ரிலிக் தகட்டின் உள்பக்கத்தைப் பார்க்கும்படி, கறுப்புத் தாள் சுற்றிய ஒரு துண்டு பிவிசி குழாயின் அடியில் அதை உட்காரவைத்தேன். குழாயின் கோணத்துக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஓர் எல்இடிக்கு மிக அருகில் இருந்தால் அதன் நிறத்தையே பெரிதாகக் காட்டுகிறது. தகட்டில் நன்றாகக் கலந்த இடத்தைப் பார்க்கவைக்க வேண்டும். ஜன்னல் வெயிலின் தொல்லையும் இதோடு பெரும்பாலும் தீர்ந்தது.

அடுத்த தலைவலி, எண்கள் நடுங்குவது. சென்சார் ஒளி சேர்க்கும் நேரத்தை 24 மில்லி விநாடியாக வைத்திருந்தேன். ஊனோ வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது பிடபிள்யூஎம் முறையில், அதாவது எல்இடியை வேகமாக அணைத்து எரியவிட்டு; விநாடிக்கு 490 முறை. அந்த நேரத்துக்குள் சில தடவை 11 துடிப்பு விழும், சில தடவை 12. விளக்கு மாறாமலே அளவு எட்டு சதவீதம்வரை குதிக்கும். நிரல் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். 154 மில்லி விநாடிக்கு மாற்றியதும் நடுக்கம் ஒரு சதவீதத்தையொட்டி அடங்கியது. சூடு நிமிடக் கணக்கில் ஏறும்போது திருத்தம் விநாடிக்கு ஒருமுறை நடந்தால் தாராளமாகப் போதும்.

மங்கலான வெளிச்சத்தில் ஊனோவின் 256 வெளிச்சப் படிகள் போதவில்லை. நீலம் 20-ஆவது படியில் நிற்கும்போது ஒரு படி ஏறினால் ஐந்து சதவீதத் தாவல், கண்ணுக்கே தெரிகிறது. ஈஎஸ்பி32 என்ற இன்னொரு கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாறி 4096 படிகளாக்கினேன்.

பிறகு, பச்சையைத் திருத்தினால் நீலத்தின் எண்ணும் ஆடியது. சென்சாருக்கு நிறத்துக்கு ஒன்றாக மூன்று கண்கள்; அவற்றின் வடிகட்டிகள் அனுமதிக்கும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்தவை. பச்சை ஒளியில் ஒரு பங்கை நீலக் கண்ணும் பார்க்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் தனியாக எரியவிட்டு மூன்று கண்களின் அளவையும் குறித்தேன். கிடைத்த ஒன்பது எண்களும் ஓர் அணி. அதன் நேர்மாறால் பெருக்கினால் எந்த எல்இடி எவ்வளவு எரிகிறது என்பது தனித்தனியாக வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அணிக் கணக்கு எதற்கு என்று முணுமுணுத்தவன் நான்.

எல்லாம் சரியாகி ஒரு வாரம் ஓடிய பிறகு, கோடை மத்தியானம் ஒன்றில் மறுபடி நிறம் திரிந்தது. பதிவைப் புரட்டினால் சிவப்பு உச்சப் படியான 4095-இல் முட்டிக்கொண்டு நிற்கிறது. குளிர்ந்த விளக்கில் அதிக வீச்சில் எரியவைத்து இலக்கைக் குறித்தது என் தவறு. கோடைச் சூடும் சேர்ந்த பிறகு ஏற்றுவதற்கு மிச்சமே இல்லை. இப்போது அரை மணி நேரம் எரிந்து சூடேறிய பிறகே இலக்கைக் குறிக்கிறேன். அதையும் மீறி ஒரு நிறம் உச்சியை முட்டினால் மூன்று இலக்குகளையும் ஒரே விகிதத்தில் இறக்கும்படி எழுதியிருக்கிறேன். வெளிச்சம் ஐந்து சதவீதம் குறைந்ததை அக்கா கவனிக்கவேயில்லை. நிறம் அதில் பாதி மாறியிருந்தால் கூப்பிட்டிருப்பாள்.

நேற்று ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தாள் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் பகல் வெளிச்சத்தில் ஜோடியாகத் தெரிந்த இரண்டு மஞ்சள் நூல்கண்டுகள் இந்த விளக்கில், இரண்டு படங்களிலுமே, வேறு வேறாகத் தெரிந்தன. பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் மஞ்சள் அலைநீளங்களில் என் விளக்கு அநேகமாகக் காலி. தாள் வெள்ளையாகத் தெரிவது வேறு, நூல் தன் நிறத்தில் தெரிவது வேறு. மாறாமல் தவறாகக் காட்டும் விளக்கைச் செய்துமுடித்திருக்கிறேன் என்று அக்கா சிரித்தாள்.

சிஆர்ஐ, அதாவது பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், 90-க்கு மேற்பட்ட வெள்ளை எல்இடி வந்து சேர்ந்திருக்கிறது. பெரும்பங்கு வெளிச்சம் அதிலிருந்து. மூன்று நிறங்களும் இனித் திருத்தத்துக்கு மட்டும். சென்சாருக்குக் கண் மூன்று, விளக்குக்கு நிறம் நான்கு என்பதால் வெள்ளையை ஒரே அளவில் நிறுத்திவைக்கப் போகிறேன். ஹீட்சிங்கில் அதற்கான துளைகளை இன்னும் போடவில்லை.