சின்னதுகளை எண்ணவா?

"மேடம், ஒட்டியிருக்கிறதை ஒன்றாக எண்ணவா, இரண்டாக எண்ணவா?"

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பாலிமர் மணிகளை, அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளை, எண்ணி அளந்துகொண்டிருந்த ஆய்வகத் தம்பி முதலில் கேட்டது இதைத்தான். விட்டுவிடு என்றேன். அதில் எனக்கு இன்றும் சங்கடம் இல்லை. கரைப்பான் உலரும்போது பாலிமர் மணிகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். அது குப்பிக்குள் நடந்ததல்ல. அடுத்துக் கேட்டான்: "சின்னதுகளை?"

"அது அழுக்கா இருக்கும், விடு" என்றேன். திரையை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

காமாக் கதிரில் செய்யும் மணிகளுக்கு அழகே அந்த ஒரே அளவுதான். வினையைத் தொடங்கிவைக்கும் இனிஷியேட்டர் வேண்டாம், மணிகள் ஒட்டாமல் காக்கும் ஸ்டெபிலைசர் வேண்டாம், சூடும் வேண்டாம். காமாக் கதிர் வீசும் கோபால்ட்-60 அறைக்குள் குப்பியை இறக்கினால் கரைசல் முழுக்க ராடிக்கல்கள், அதாவது சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள், பிறக்கும். அவற்றிலிருந்து வளரும் பாலிமர் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து, கரைய முடியாமல் சுருண்டு மணியின் கருவாகும். கருக்கள் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குள் உருவாகிவிட்டால் அப்புறம் சேர்ந்தே வளரும். பிந்திப் பிறந்தது சின்னதாகவே நின்றுவிடும். இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அன்று நைட்ரஜன் சிலிண்டர் தீரும் நிலை. கரைசலிலிருந்து ஆக்சிஜனை விரட்ட அரை மணி நேரம் விடவேண்டியதைப் பத்து நிமிடத்தில் நிறுத்தினோம். மிச்சமிருந்த ஆக்சிஜன் ராடிக்கல்களை விழுங்கி, கருவாவதை இழுத்தடித்திருக்கலாம். இல்லை, படமெடுக்க மணிகள்மேல் பூசிய தங்கத்தின் துணுக்காகவும் இருக்கலாம். துணுக்கு அவ்வளவு உருண்டையாக இருக்குமா?

தம்பி நோட்டில் சின்னதுகளையும் அளந்து தனியாகக் குறித்திருந்தான். வெகுநாள் கழித்து அதை வைத்துக் கணக்குப் போட்டேன். 1.5 மைக்ரானில் 200 மணிகள், அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் மாறுபாட்டுக் கெழு 3 சதவீதம். 0.6 மைக்ரானில் இருந்த 11ஐச் சேர்த்தால் 14. அறிக்கை 3 என்றே போயிருந்தது.

எடையில் பார்த்தால் அந்த 11ம் சேர்ந்து அரை சதவீதம்கூட வராது, சுழற்றிக் கழுவினால் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அது கழுவிய பிறகு எடுத்த படம். அந்த மணிகளை அளவுகோலாக வைத்து யாராவது தங்கள் கருவியைச் சரிபார்த்தால் அவர்களுக்கு எடை முக்கியமில்லை, எண்ணிக்கைதான்.

அடுத்த தொகுதிகளுக்கு நைட்ரஜன் முழுதாக விட்டோம். படங்களில் சின்னது ஒன்றுகூட வரவில்லை. முறை சரிதான் என்று அதைத்தான் காட்டிப் பேசுகிறேன். அன்றைய 11ம் அழுக்கில்லை என்றும் அதே படங்கள்தானே சொல்கின்றன?

தம்பி இப்போது வேறு ஆய்வகத்தில் மணிகள் எண்ணுகிறான். சின்னதுகளை என்ன செய்கிறான் என்று கேட்க இன்னும் போன் செய்யவில்லை.