அம்மாவின் பன்னிரண்டு பைகள்

பதினைந்து வருசத்துக்கு மேலாக அம்மாவின் நெஞ்சில் கிடந்த நேர்த்திக்கடன், இந்த ஆவணித் திருநாளில்தான் தீர்ந்தது. மன்னார் மடுக் கோயிலில் இருக்கும் மருதமடுத் தாயே, மாதாவே, உமக்குக் கோடி நன்றி.

2009இல் நாங்கள், போரில் இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். முட்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சனம் தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒருநாள் ஒரு பெண் வெகுநேரம் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லைப் போலும். கிட்ட நின்ற அம்மாவின் கையில் பையைக் கம்பிக்குள்ளால் திணித்துவிட்டு நடந்தார். ஒரு பால்மா பக்கெற், இரண்டு சவர்க்காரம், மடித்த சேலை ஒன்று. சின்னத்தம்பி காய்ச்சலில் சுருண்டு கிடந்த நேரம் அது. அந்தப் பாலில்தான் அவன் எழும்பி இருந்தான். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று அழுதபடியே அம்மா மடு மாதாவிடம் நேர்ந்தார்: சொந்த வளவுக்குத் திரும்பினால் இதேபோலப் பன்னிரண்டு பை உம்முடைய வாசலில் கொடுப்பேன்.

திரும்பினோம். கொட்டில், பிறகு வீடு, அக்காவின் கல்யாணம் என்று ஒவ்வொரு வருசமும் ஏதோ ஒன்று முன்னுக்கு வந்தது. இந்த முறை முட்டையும் தேங்காயும் விற்றுச் சேர்த்த காசை அம்மா மேசையில் வைத்தார். கனடா அண்ணா காசு அனுப்புகிறேன் என்றார். "இது என்ர நேத்தி" என்று அம்மா மறுத்துவிட்டார். சரி, கொடுக்கும்போது படமாவது எடுத்து அனுப்புங்கோ என்றார். அதற்கும் விடவில்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற வசனத்தை அந்த முட்கம்பியடியில் கண்ணால் கண்டவர் அவர். ஒரு பருப்புப் பொதியைக் கொடுக்க நாலுபேர் நின்று படம் பிடிப்பதைக் காணும்போது எனக்கும் வயிறு எரியும். வாங்குகிறவர் குனிந்துகொள்வது இவர்களுக்குத் தெரியாதா?

மடுச்சந்தியில் வான்காரர் கேட்ட காசைச் சொல்லவே கூடாது. கூடாரத்துக்கு இடம் பிடித்துத் தருவதாக முன்பணம் வாங்கிய ஆளைப் பிறகு காணவே கிடைக்கவில்லை. மரத்தடியில் பாய் விரித்தோம். குழாயடியில் ஒரு மணித்தியாலம் வரிசை. புழுதி வேறு.

கோயிலுக்குள் அம்மாவை நெருக்கித் தள்ளினார்கள். முழங்கால் மடிக்க ஏலாதவர். முன்பின் தெரியாத இரண்டு பெடியன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பீடத்தடிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நான் பின்னால் நின்றேன். அருள்நிறை மரியே சொல்லத் தொடங்குவார் என்று பார்த்தால், அம்மாவுக்கு ஒரு செபமும் வரவில்லை. பையொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கொண்டுவந்திட்டன் அம்மா, பிந்திப்போச்சு, குறை நினையாதையுங்கோ" என்றார். பெற்ற தாயிடம் சொல்வதுபோல. மாதாவும் இடம்பெயர்ந்தவதானே. 1670இல் ஒல்லாந்தர் காலத்தில் சொரூபமாக மாந்தையை விட்டுக் காட்டுக்குள் வந்தவ. 2008இல் ஷெல் அடிக்குள் தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்தவ. பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்னவென்று அவவுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. எனக்கு அழுகை அடங்கவில்லை. என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோனது. நன்றி, நன்றி என்று மட்டும்தான் வாயில் வந்தது.

விடியப்புறம் பைகளைக் கொடுத்தோம். வழியோரம் இருந்தவர்கள், கைக்குழந்தையோடு தனியே வந்தவர்கள் என்று பார்த்துப் பார்த்து, அம்மா தானே குனிந்து கையில் வைத்தார். சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள ஆச்சி ஒருவர் ஏதோ சொல்லி அம்மாவின் தலையில் கை வைத்தார். பாசை விளங்காவிட்டாலும் அம்மா ஆமென் என்றார்.

பதினொரு பை போய்விட்டது. பன்னிரண்டாவதை மட்டும் அம்மா விடவில்லை. பூசை முடிந்து, சுற்றுப்பிரகாரம் முடிந்து, வயதான பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பை இப்போது எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, மடு மண் முடிச்சோடு. ஆடித் திருநாளுக்குத் திரும்பவும் போகிறோம். அதற்குள் பால்மா பழுதாகிவிடும், புதுப் பக்கெற் மாற்றி வைக்கவேண்டும் என்று நேற்றும் அம்மா ஞாபகப்படுத்தினார்.