கப்டன் வேர்ஸும் ஒரு பெயர்ப் பதிவேடும்

ஓகஸ்ட் 22, மட்டக்களப்பு

கச்சான் காற்று ஓயவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வாசிக்க முடிகிறது. இந்தக் கிழமை முழுக்க ஹென்றி வேர்ஸ் என்ற மனிதரோடுதான் இருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் கப்டன். 1823இல் சூரிச்சில் பிறந்து, 1849இல் அமெரிக்கா போய், அங்கே வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர். போர் தொடங்கியதும் படையில் சேர்ந்தார். வலது கையில் பட்ட காயம் கடைசிவரை ஆறவில்லை. சிறைகளுக்குப் பொறுப்பான ஜெனரல் வின்டருக்குக் கீழே வேலை செய்தார். 1864இல், வடமாநிலப் படைக் கைதிகளை அடைத்துவைத்த ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில் சிறைமுகாமின் உட்பகுதி அவர் பொறுப்பில் வந்தது.

ஓகஸ்ட் 25

10,000 பேருக்கென்று மரவேலி அடித்த இடம் அது. அந்த வருட ஓகஸ்டில் ஏறத்தாழ 33,000 பேர் உள்ளே இருந்தார்கள். கூரை கிடையாது. நடுவே ஓடிய சிற்றோடைதான் குடிக்கவும் கழுவவும். அந்த ஓடையின் மேல்பக்கத்தில் சமையல் கொட்டிலையும் காவல்காரரின் முகாமையும் வைத்திருந்தார்கள், அந்த அழுக்கெல்லாம் கைதிகளுக்கு. வேலிக்கு உட்புறமாக ஒரு எல்லைக் கோடு. அதைத் தாண்டினால் சூடு. மொத்தம் 45,000 பேரளவில் அங்கே அடைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 13,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வயிற்றோட்டம், விற்றமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய்.

ஓகஸ்ட் 27

வேர்ஸுக்காகப் பேசுகிறவர்களையும் வாசித்தேன். சாமான் அனுப்பாதது மேலிடம் என்கிறார்கள். கறுப்பினப் படையினரை மற்றவர்களுக்குச் சமமாக மாற்றிக்கொள்ளத் தெற்கு மறுத்ததால் கைதிப் பரிமாற்றம் நின்றுபோனது, கூட்டம் பெருகியது, அதுவும் உண்மை. போர் முடிந்து வேர்ஸ் மீது நடந்த விசாரணையில் பொய்ச் சாட்சியும் வந்திருக்கிறது. 1865 நவம்பர் 10இல் வொஷிங்டனில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வின்டர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

சரி, சாப்பாடு இல்லாததை முழுக்க ஒரு கப்டன் தலையில் கட்ட முடியாது. ஆனால் கோட்டைத் தாண்டியவனைச் சுடுவதற்குப் பஞ்சமா காரணம்? முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர் அதற்கும் பொறுப்புத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓகஸ்ட் 30

காணாமல் ஆக்கப்பட்டோர் நாள். வெயிலில் படங்களை ஏந்திக்கொண்டு அம்மாக்கள் நின்றார்கள். சின்னம்மாவும் நின்றார். அவருடைய மூத்த மகனை 1990இல் விசாரிக்க என்று ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். வாசலுக்குப் போய்க் கேட்டால், "அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை." திரும்பி வரும்போது சின்னம்மா சொன்னார்: "கொண்டுபோனதுக்கு ஒரு துண்டு தந்திருந்தா மறுகா நான் இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டேன், மனே."

செப்டெம்பர் 1

அண்டர்சன்வில்லில் டொரன்ஸ் அட்வாட்டர் என்றொரு கைதி. வயது இருபதுகூட ஆகவில்லை. இறந்தவர்களின் பெயரை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். இந்தப் பட்டியல் வடக்குக்கு ஒருநாளும் போய்ச் சேராது என்று பயந்து, ஒளித்து ஒளித்து இன்னொரு பிரதி எழுதினார். போர் முடிந்ததும் 1865 கோடையில், போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்த கிளாரா பார்ட்டனோடு அங்கே போனார். புதைகுழிகளில் நட்டிருந்த இலக்கத்தையும் பட்டியலையும் ஒப்பிட்டு 12,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் எழுதினார்கள். 460 கல்லறைகளில் மட்டும்தான் "பெயர் தெரியாதவர்".

அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அரசாங்கத்திடம் கொடுத்திருந்த அந்தப் பட்டியலைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று அவருடைய சொந்த அரசாங்கமே அவரைப் படை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறையில் போட்டது. வெளியே வந்து 1866இல் அச்சிட்டுவிட்டார். எந்த ஊரிலும் பெயர்ப்பட்டியலுக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்.

அந்த மோசமான முகாமிலும் ஒரு பதிவேடு இருந்தது. அதனால்தான் எத்தனை பேர் செத்தார்கள், யார் யார் என்று அம்மாக்களுக்குத் தெரிந்தது. வேர்ஸின் கணக்கைக் கேட்கவும் முடிந்தது.

செப்டெம்பர் 3

போர்க்கைதி முகாம் ஒவ்வொன்றும் படையின் பொறுப்பான அதிகாரி ஒருவரின் கீழ் இருக்க வேண்டும் என்கிறது 1949 மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை. முகாமுக்கு வந்து ஒரு கிழமைக்குள் கைதி தன் வீட்டுக்கு அட்டை எழுத விட வேண்டும். நம் நாட்டில் 1996இன் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் யாரையாவது பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கச் சொல்கிறது. சின்னம்மாவின் மகனுக்கு அது ஆறு வருடம் பிந்திய சட்டம்.

செப்டெம்பர் 5

1990இல் இதே நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள். அவர்கள் பெயரெல்லாம் ஊரிடம் இருக்கின்றன, எழுதி வைத்தது குடும்பங்கள்தான். கொண்டுபோனவர்களின் கொப்பியைத்தான் இன்னும் யாரும் காட்டவில்லை.

பின்னேரம் சின்னம்மா வீட்டில் இருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் நிரப்பினோம். முகாமின் வருகைப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட முன்னர் நிறுத்தி, "அப்ப அங்க பொறுப்பா இருந்தவர் ஆரெண்டும் கேட்டு எழுது மனே" என்றார். அதையும் சேர்த்திருக்கிறேன். நாளை காலை பதிவுத் தபாலில் போகும்.