தட்சிணசித்ராவும் மாமல்லபுரமும்: ஒரே நாளில் பார்க்க

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் பலர் வழியில் வரும் முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா அருங்காட்சியகம் பார்க்க முதலில் இறங்கிவிடுகிறார்கள். பிறகு உச்சி வெயிலில் மாமல்லபுரத்துப் பாறைகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கும். வரிசையை மாற்றுங்கள். கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். கிழக்கு வெளிச்சத்தில் சிற்பங்களும் தெளிவாகத் தெரியும். அதே டிக்கெட் அன்று ஐந்து ரதங்களுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து திரும்பப் பேருந்தில் ஏறும்போது ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியா, ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) வழியா என்று கேளுங்கள். ஓஎம்ஆர் வண்டி முட்டுக்காட்டைத் தொடாது.

10:30 மணிக்குள் தட்சிணசித்ராவுக்கு வந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. 1996-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், தென்மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் எல்லோரும் நேரம் எடுத்துக்கொள்வார்கள். ஆந்திரக் கடலோர வட்ட வீட்டைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. குனிந்து உள்ளே போய்ப் பாருங்கள்: மண்சுவர் வட்டமாக இருப்பதால் புயல்காற்று மோத மூலையே இல்லை, கூரை ஏறக்குறைய தரைவரை இறங்கிச் சுவரை மழையிலிருந்து காக்கிறது.

கைவினைஞர்களை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். குயவர் சக்கரத்தில் நீங்கள் வனைந்த பானையை எடுத்துவர அகலமான டப்பா ஒன்று வேண்டும். அது சுடாத பச்சை மண். பையில் திணித்தால் நசுங்கும், வெயிலில் வேகமாகக் காய்ந்தால் விரிசல் விடும். நிழலில் உலர்த்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.