உங்க ஊர்ச் சீக்கு

ஆடி ஞாயிறு காலை. பிரிட்டோரியாவில் புல்லெல்லாம் உறைபனி, நான் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, நம்ம செவலைக்கு ஒடம்பெல்லாம் கட்டி கட்டியா எந்திரிச்சிருக்குது. மாட்டு டாக்டரு ஆப்பிரிக்காச் சீக்குங்கறாரு. உங்க ஊர்லிருந்து வந்ததாமே?"

உங்க ஊர்! வந்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அம்மாவே என்னை இந்த ஊர்க்காரன் ஆக்கிவிட்டார்.

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. தோல் கழலை நோய் 1929-ல் சாம்பியாவில் முதலில் தலைகாட்டியது, 1944-ல் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது, இந்தியாவுக்குள் நுழைந்தது 2019-ல். நம் ஆட்கள் 1860-ல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கப்பலேறி வந்தார்கள், அது எதிர்த்திசையில் இந்தியா போயிருக்கிறது. இதற்கான நீத்லிங் தடுப்பூசி பிறந்த ஆண்டர்ஸ்டபோர்ட் கால்நடை ஆய்வு நிலையமும் இங்கே பக்கத்தில்தான்.

நான் பார்ப்பதும் இதே நோய்தான். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன் என்று பேர், ஆனால் நோய்க்கூறியல்காரனால் உயிரோடிருக்கும் மாட்டுக்குப் பெரிய பிரயோஜனம் கிடையாது. கட்டியை வெட்டி ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்லுக்குள் இளஞ்சிவப்பாக உருண்டைகள் தெரியும். வைரஸ் குடித்தனம் நடத்தும் இடம். இந்த நோய்க்கு எலி சரிப்படாது, கன்றுக்குட்டிதான் வேண்டும். ஒரே அளவு வைரஸை ஊசியில் ஏற்றினால் ஒரு கன்றுக்கு உடம்பெல்லாம் கட்டி, பக்கத்துக் கன்றுக்கு ஊசி போட்ட இடத்தில் வீக்கத்தோடு சரி. ஏன் என்று கேட்டுத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

கன்றுகளுக்குப் பேர் வைப்பதில்லை, காதில் எண் மட்டும். அதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், 14-ம் எண் கன்று வரும்வரை. நெற்றியில் இரட்டைச் சுழி. சந்தையில் தாத்தா பல்லைப் பார்க்கும் முன்னே சுழியைத்தான் பார்ப்பார், நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கன்றை மேசையில் கிடத்திய அன்று எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்தேன். சுழியை எழுதத்தான் படிவத்தில் கட்டமில்லை.

சரி, அம்மா கூப்பிட்ட அன்றைக்கு மனசு கேட்காமல் மராபஸ்டாட் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். இங்கேயும் ஆடிக்குக் கூழ் உண்டு, பேர்தான் பாரிஜ் பிரேயர். கூழ் ஊற்றிய பாட்டிக்குத் தமிழ் வராது, கும்பிடு மட்டும் நம் ஊர்க் கும்பிடு. யாருக்கு உடம்பு சரியில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். செவலைக்கு என்றேன். "உன் ஆயாவா?" பசு என்று விளக்க வெட்கப்பட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். என் தலையில் கைவைத்து வேண்டிக்கொண்டார், பாவம்.

வீடு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். வெற்றிலை, மிளகு, உப்பு அரைத்து வெல்லம் சேர்த்துக் கொடுத்தாராம், கொட்டாய் வாசலில் வேப்பிலை தொங்குகிறது. ஈ, கொசு அண்டாமல் மூட்டம் போடுங்க, மத்த மாட்டைத் தள்ளிக் கட்டுங்க, உதிர்கிற பொருக்கைக் கூட்டி எரிச்சுடுங்க என்று அடுக்கினேன்.

"அதெல்லாம் ஆச்சு கண்ணு. உங்க ஊர்ல இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

அறுத்துப் பார்ப்போம் என்பது வாய்வரை வந்துவிட்டது.

"வெத்தலை எத்தனை வெச்சீங்க?" என்று கேட்டேன்.